கரை வரைக்கும்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றபோது, பள்ளிபாளையத்தில் அந்தத் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் ஓய்ந்தன. ஒன்று மட்டும் ஓயவில்லை.

டக், டக். மெல்லிய சத்தம்.

உஷாராணி தன் தறிக்கூடத்துக்குள் போனாள். சூடான எண்ணெய் வாசனையும் கஞ்சி வாசனையும் இன்னும் கலையாமல் நிற்க, மேலே பறந்துகொண்டிருந்த பஞ்சுத் தூசு சன்னல் வெளிச்சத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு தறிகளையும் தொட்டுப் பார்த்தாள். மோட்டார் சுற்றினால்தான் நாடா ஓடும்; நாடா ஓடினால்தான் குறுக்கு நூல், நெடுக்கே நீட்டிய பாவு நூலுக்குள் நுழையும். நான்கு நாடாக்களும் பாதி வழியில் கிடந்தன. தெருவுக்கு வந்தாள். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காதைப் பொத்தினாள். கூடியது.

"ஏனுங்க, ஒரு தறிச் சத்தம் கேக்குதுங்களா?"

பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த கணவன் கைலாசம் நிமிரவில்லை. "ஊருக்கே லீவு. உனக்கு மட்டும் தறி ஓடுதாக்கும்?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நாளைக் காலை சேலத்தில் அவளுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை.

முதல் அறுவை பதினான்கு மாதங்களுக்கு முன். இடது முழங்கைக்கு நாலு விரல் மேலே, கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியான மேடு. எடுத்தார்கள். பத்தாம் நாள் நர்ஸ் போனில் சொன்னாள்: "ரிப்போர்ட் வந்திருச்சுங்க அக்கா. கரை வரைக்கும் இருக்குதாம். ஒருக்கா வந்துட்டுப் போங்க."

கரை வரைக்கும் இழை விடாமல் வந்திருந்தால் அது நல்ல துணி. பிறந்ததிலிருந்து அவள் அறிந்த கரை அது ஒன்றுதான். "எல்லாம் சரியாத்தான் இருக்குதாமுங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, தீபாவளி ஆர்டரில் உட்கார்ந்துவிட்டாள்.

தழும்புக்கு அடியில் மறுபடி தடித்தபோது சேலத்து டாக்டர் படம் வரைந்து காட்டினார். வெட்டி எடுத்த சதையைச் சுற்றி நல்ல சதை ஓடவேண்டும், அதுதான் கரை. கட்டி கரை வரைக்கும் இருந்தால் மிச்சம் உள்ளே நிற்கிறது என்று பொருள். இது அபூர்வமான கட்டி. வெளியே தெரியும் மேட்டைவிடத் தோலுக்கடியில் விரல் விட்டுப் பரவுவதுதான் அதிகம். நுண்ணோக்கியில் பார்த்தால் பாய் பின்னியதுபோல இருக்கும் என்றார். நாலு மாதம் மாத்திரை கொடுத்துச் சுருக்கப் பார்த்தார்கள். போதவில்லை.

"இந்தத் தடவையும் சுத்தமான கரை கிடைக்கலைன்னா, கையை எடுக்கவேண்டி வரும்மா."

டக், டக்.

அவள் இடது கையைக் காதோடு சேர்த்தாள். உடனே இறக்கிவிட்டாள்.

மேசையில் இழை எண்ணும் கண்ணாடி இருந்தது. கீழே ஓர் அங்குலச் சதுரத் திறப்பு, மேலே லென்ஸ். துணிமேல் வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவது. அதைத் தழும்பின்மேல் வைத்துக் குனிந்தாள்.

நெடுக்கே இழை. குறுக்கே இழை. ஒன்றுக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று. வழக்கப்படி ஊசி முனையால் எண்ணினாள். அறுபத்தெட்டு.

டக்.

மறுபடி எண்ணினாள். அறுபத்தொன்பது.

கரை வேண்டும். எங்காவது முடிந்திருக்க வேண்டும். கண்ணாடியை நகர்த்தினாள். முழங்கை. இருந்தது. மணிக்கட்டு. இருந்தது. உள்ளங்கை. விரல் நுனியில், அறுக்காத நூல் முனைகள்.

"ஏனுங்க." கண்ணாடியை நீட்டினாள். "முதுகுல கரை எங்க இருக்குதுன்னு பாருங்க. நீங்க பாத்தாச் சொல்லீருவீங்க."

"என்ன சாமி பேசற?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டான்.

பிடரியில் உலோகம் குளிர்ந்தது. கண்ணாடி நகர்ந்தது. தோள்பட்டை. அங்கே நிற்கும் என்று நினைத்தாள். முதுகு. இடுப்பு. அவன் மூச்சு மட்டும் கேட்டது. எண்ணுகிறான். முப்பது வருடம் நெய்தவன், கரையைக் கண்டால் நின்றுவிடுவான்.

நிற்கவில்லை.

முழங்காலுக்குப் பின்னால். கெண்டைக்கால். அவன் தரையில் மண்டியிடும் சத்தம்.

குதிகாலில் குளிர்ந்த சதுரம். அதற்குள் அவன் நகம், ஒவ்வோர் இழையாக.

டக்.

நகம் முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது.