வெறும் மிக்ஸி ஓடிய வீடு

நான்கு நாட்களாக எங்கள் வீட்டு மிக்ஸி வெறும் காற்றை அரைத்துக் கொண்டிருந்தது.

உள் அறையில் அப்பா இருமத் தொடங்கினால் போதும், அம்மா ஓடிப் போய் மிக்ஸியைப் போடுவாள். இருமல் நின்றால் மிக்ஸியும் நிற்கும். படிக்கட்டில் போகிறவர்களுக்கு இருமல் கேட்டுவிடக் கூடாது. எங்கள் கட்டடத்தில் சுவருக்கு ஒரு காது என்றால் கதவுக்கு இரண்டு காது.

"என்ன, ஓயாம அரைக்கிறீங்க?" என்று கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா கேட்டே விட்டார்.

"மிளகாய் அரைக்கிறேன்க்கா," என்றாள் அம்மா.

"நாலு நாளாவா?"

அம்மா சிரித்து மழுப்பினாள். கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ஊரெங்கும் அந்த நோய் பரவியிருந்தது. பள்ளிக்கூடம் மூடி மூன்று மாதமாகிவிட்டது. அப்பா அச்சகத்தில் வேலை பார்ப்பவர். நோயைப் பற்றிய அறிவிப்புத் தாளைப் பத்தாயிரம் பிரதி அடித்தவரே அவர்தான். மிச்சத் தாள்கள் எங்கள் அலமாரியில் கிடந்தன. காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள் என்பதுதான் அதில் முதல் விதி.

"அப்ப நாம மட்டும் ஏம்மா மறைக்கிறோம்?" என்று கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு இரு. மாடி வீட்டு டிரைவர் மாமா குடும்பம் என்ன பாடு பட்டுச்சு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. டிரைவர் மாமாவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன்கூடப் போகவில்லை. மாமா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அத்தையும் பிள்ளைகளும் திரும்பி வந்தபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி எல்லோரும் வாசலில் கூடி நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் என் அப்பாவும் நின்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இப்போது அதே கூட்டம் எங்கள் வாசலுக்கு வரும் என்று அப்பாவுக்குப் பயம்.

அப்பா என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். அந்த நான்கு நாளும் வாயாடி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் குப்பை வண்டியின் விசில் கேட்டதும் வாளியைக் கீழே கொண்டு போவது என் வேலை. வண்டிக்கார அக்கா படிக்கட்டு ஓரமாகக் குந்தி, ஒவ்வொரு வாளியையும் கவிழ்த்து, குப்பையைக் கையாலேயே பிரிப்பார். கொடுத்த கையுறை இரண்டே நாளில் கிழிந்துவிட்டதாம்.

"புதுசு கேட்டா அடுத்த மாசம்ங்கிறாங்க. அதுவரைக்கும் நோய் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று சிரிப்பார். அவருக்கு ஏழு மாதக் குழந்தை ஒன்று உண்டு. பால் கொடுக்க நேரமாகிறது என்று தினமும் பறப்பார்.

ஐந்தாம் நாள் காலையில் எங்கள் வாளியைப் பார்த்தேன். அப்பா சளி துப்பிய காகிதங்களின் மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு அம்மா மூடியிருந்தாள்.

"அம்மா, இதைத் தனிப் பையில போட்டு ரெண்டு முடிச்சுப் போடணும். நோயாளி குப்பைக்கு அதுதான் ஏழாவது விதி. அக்கா வெறுங்கையால எடுக்கிறாங்கம்மா."

"தனிப் பையைப் பார்த்தா கீழ எல்லாரும் கேக்க மாட்டாங்களா? எனக்கும் எல்லாம் தெரியும். கொண்டு போ." இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

கீழே வீட்டுக்கார அம்மாவும் இன்னும் மூன்று பேரும் வாளியோடு நின்றிருந்தார்கள். அக்கா எங்கள் வாளிக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்கக்கா," என்றேன்.

"ஏன் பாப்பா, உள்ள பாம்பு வச்சிருக்கியா?"

உடைந்த கண்ணாடி இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு? நாளை மறுநாள்? தினமும் கண்ணாடி உடைகிற வீடு எங்கே இருக்கிறது?

"எங்கப்பாவுக்கு அஞ்சு நாளா காய்ச்சல், இருமல். இது அவரோட குப்பை."

தாடையில் தொங்கிய முகக்கவசங்கள் எல்லாம் ஒரே நொடியில் மூக்குக்கு ஏறின. வீட்டுக்கார அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அக்கா மட்டும் ஓடவில்லை. நாலடி தள்ளி நின்றுகொண்டு, "மூச்சு வாங்குதா?" என்று கேட்டார்.

"பேசினா வாங்குது. உதடு ஊதாவா இருக்கு."

அக்கா உடனே போனை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஏதும் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை. எங்கள் கதவில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டு, இரண்டு வாரம் வெளியே வரக் கூடாது என்று சொல்லிப் போனார்கள்.

அன்று முழுவதும் அம்மா என்னோடு பேசவில்லை. அப்பாவை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "ஆக்ஸிஜன் வச்சிருக்கோம். இன்னும் ஒருநாள் விட்டிருந்தா ரொம்பக் கஷ்டம். இப்பவும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

அம்மா போனை வைத்தாள். பிறகு எழுந்து போய் ஒரு பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"குப்பையை இதுல போடு. ரெண்டு முடிச்சாப் போடு," என்றாள். என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

பையின் மேல் பெரிய எழுத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதிக் கதவுக்கு வெளியே வைத்தேன். விசில் கேட்டதும் ஜன்னலைத் திறந்தேன்.

"பாப்பா, உங்க பையைக் கீழ வச்சிட்டீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா, எங்க கதவுக்கு வெளிய இருக்கு."

"அப்ப இது யாரோடது? மூணு பை இருக்கு. மூணுலயும் ரெண்டு முடிச்சு. ஒண்ணு வீட்டுக்கார அம்மா வாசல்ல."

அம்மா என் தோள்மேல் கை வைத்து எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு கதவும் திறக்கவில்லை.

அக்கா வண்டியிலிருந்து நீளமான குச்சி ஒன்றை உருவினார். முடிச்சில் மாட்டி, ஒவ்வொரு பையாகத் தூக்கி வண்டியில் போட்டார். எங்கள் பைக்காகப் படியேறியும் வந்தார். நான்கு பையிலும் அவர் கை படவே இல்லை.