மண் கொட்டும் கார்

கைப்பேசிச் சார்ஜரைக் காரின் சொக்கற்றுத் துளைக்குள் அழுத்திச் செருகிவிட்டுக் கையை எடுத்தால், அது மெதுமெதுவாகத் திரும்பி வெளியே வந்தது. மயில்வாகனம் மறுபடி செருகினான். மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை உள்ளங்கையால் குத்திச் செருகினான். அப்போதும் வந்தது, நுனியில் கொஞ்சம் மண்ணோடு.

"சனியன்!" என்றான்.

நல்ல உச்சிவெயில். செட்டிகுளத்திலிருந்து வவுனியாவுக்குப் போகும் வீதியைக் கண்ணிவெடிச் சோதனை என்று ஆமி மூடிவிட்டு, அவனுடைய காரை ஒரு மருதமரத்தடியில் ஓரங்கட்டி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி நேரமாகிவிட்டது. வவுனியா ஆஸ்பத்திரியில் நேசமலர் பிரசவ வலியோடு கிடக்கிறாள். பதினொரு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு உண்டான பிள்ளை. சற்று முன்புதான் அவளுடைய தங்கை சிவலட்சுமி கைப்பேசியில் அழுதாள்.

"அத்தான், பிள்ளையின்ரை துடிப்புக் குறையுதாம். ஒப்பரேசன் செய்யாட்டி ரெண்டு பேருக்கும் ஆபத்தாம். உங்கடை வாயாலை ஓம் எண்டு கேக்காமல் டொக்டர் செய்யமாட்டாராம். இப்ப உள்ளை நிக்கிறார், வந்தவுடனை எடுக்கிறன். ஃபோனை நிப்பாட்டிப் போடாதேங்கோ!"

பட்டரியில் ஒரு கோடுதான் மிஞ்சியிருந்தது. அதுவும் மினுங்கியது.

கோபம் தலைக்கு ஏறியது. ஆமியில் கோபம், வெயிலில் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக வயரிங் வேலை செய்யும் றிஸ்வானில் கோபம். போன மாதம் இந்தச் சொக்கற்றைக் காரில் பூட்டித் தந்தவன் அவன்தான். பூட்டும்போதே ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அண்ணை, டாஷ்போட்டுக்குப் பின்னாலை கை விட்டா மண் கொட்டுது. எவ்வளவு அள்ளினாலும் முடியேல்லை." அதற்கு மயில்வாகனம், "தாட்டு வைச்ச கார்தானே, மண் கொட்டாமல் பவுணே கொட்டும்? உன்ரை வேலையைப் பார்!" என்று பாய்ந்திருந்தான்.

மண்ணுக்குள் தாட்டு வைத்த கார்தான். எட்டு வருடத்துக்கு முன் ஒட்டுசுட்டானை விட்டு ஓடியபோது, சனமெல்லாம் தையல் மெசினையும் தண்ணீர் இறைக்கும் மோட்டரையும் பொலித்தீனில் சுற்றிப் புதைத்தது. அவன் பெரிய கிடங்கு வெட்டுவித்துக் காரையே இறக்கி மூடினான். சண்டை நின்றபின் போய், உழவு இயந்திரத்தில் சங்கிலி கட்டிப் பின்பக்கமாக இழுத்தெடுத்தான். அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகக் கதைத்தும் திரிந்தான்.

இப்போது சொக்கற்றின் பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கம்பி அறவில்லை. சோதனை பல்பை வயரில் தொட்டான். எரிந்தது. மின்சாரம் வருகிறது. அப்படியென்றால் துளையின் அடியில்தான் அடைப்பு. சாவியை நிறுத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். புழுதி வந்தது. ஊதினான். இன்னும் வந்தது, மடியெல்லாம் கொட்டியது, பிறகு ஈரமண்ணாக வரத் தொடங்கியது. ஆடி மாதத்து வறட்சியில் குளமே வெடித்துக் கிடக்கிறது, இதற்குள் ஈரமா? மூக்கருகே கொண்டுபோனான். கிறீஸ் மணத்தது. கிறீஸோடு பீடியும்.

அந்த மணத்தை அவனுக்குத் தெரியும். மாயாண்டி.

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறி, பத்து வருடம் அவனுடைய வயலில் மாடாய் உழைத்தவன். கிடங்கு வெட்டியதும் அவன்தான். "பட்டரியைக் கழட்டாமப் பொதைச்சா வண்டியைத் தின்னுரும்யா, கழட்டிட்டு வந்திர்றேன்" என்று காரின் முன்பக்கமாக இறங்கினான். அந்த நேரம் பார்த்து ஷெல் விழுந்தது. கிடங்கின் முன்பக்கம் சரிந்தது. மேலே நின்ற மயில்வாகனம் ஒருதரம் கூப்பிட்டான். பதில் இல்லை. பயந்து ஓடிவிட்டான் தோட்டக்காட்டான் என்று திட்டித் திட்டியே மண்ணைத் தள்ளி மூடினான். குனிந்து பார்க்கவில்லை. காரை இழுத்த அன்றும் சரிந்த பக்கத்தைக் கிளறவில்லை. மாயாண்டியின் மனுசி சுப்பம்மா வந்து கேட்டபோது, ஓடினவனை என்னட்டை ஏன் கேக்கிறாய் என்று கலைத்துவிட்டான்.

"என்ரை பிழையில்லை!" காருக்குள் தனியே கத்தினான். "கூப்பிட்டனான்தானே! நீ ஏன்ரா வாய் திறக்கேல்லை?"

டாஷ்போட்டுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. உலோகத்தில் நகம் உரசியது. யாரோ மிக நெருக்கமான இடத்தில் மூச்சை இழுக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி இழுக்கப் பார்க்கும் சத்தம்.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். வெளியே பாரம். கண்ணாடியின் கீழ்விளிம்பு கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

மருதமரம் பாதிதான் தெரிந்தது. பிறகு கிளைகள் மட்டும்.

மடியில் கிடந்த சார்ஜர் வயர் இழுபட்டது. துளைக்குள் போனது. இந்த முறை வெளியே வரவில்லை.

கைப்பேசி ஒளிர்ந்தது. கோடு ஏறியது. இரண்டு. மூன்று. நான்கு.

மணி அடித்தது.

"அத்தான், டொக்டர் பக்கத்திலை நிக்கிறார். சொல்லுங்கோ. ஓமோ?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தான். மண் கொட்டியது.

ஈரமண். துப்பினான். இன்னும் வந்தது. விரலை விட்டுத் தோண்டினான். அள்ள அள்ள வந்தது.

"அத்தான்! கேக்குதோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அக்காவுக்குக் கடுமையாக் கிடக்குது!"

கைப்பேசியை அறைந்தான். இருக்கையை அறைந்தான். சத்தம் வரவில்லை. எங்கும் மண்.

அவள் பக்கத்தில் யாருக்கோ சொல்வது கேட்டது. "கூப்பிட்டுப் பாத்திட்டன் டொக்டர். பதில் இல்லை. ஆள் பயந்திட்டார் போலை."

கண்ணாடிகள் முழுதாக இருண்டன. கைப்பேசியின் சின்ன வெளிச்சம் மட்டும் நின்றது. நான்கு கோடுகள். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அதற்குள், தூரத்தில், நேசமலர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ… இஞ்சாருங்கோ…"