மூச்சு குறையாத வீடு

வாசல் கதவுக்கு அடியில் எப்போதும் படுத்திருக்கும் வெளிச்சக் கோடு அன்று சாயங்காலம் இல்லை. வெளியே தாழ்வாரத்து பல்பு பியூஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவள் டீயை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

இன்னும் இருட்டவில்லை. கணவன் மருந்துக் கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு, மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் நேரம். மகளுக்கு ஐந்து வயது. எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வந்துவிடுவாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் சுண்டெலி.

கணினி விளையாட்டுகளுக்காக இல்லாத ஊர்களின் வரைபடம் போடுவது அம்மாவின் வேலை. ஒரு வருஷமாக ஒரே நாட்டில் கிடந்தாள். சுற்றிலும் மலை, வருஷம் பூராவும் சாம்பல் தூறும் வானம், எல்லா ஆறும் உள்நோக்கி ஓடி ஒரு ஏரியில் விழும். ஏரியிலிருந்து எதுவும் வெளியேறாது. கரையில், பிள்ளைகளுக்குக் காற்றின் பெயர் வைக்கும் ஓடக்காரர்கள். சரிவுகளில், நடக்கும்போது வாய் திறக்காத இடையர்கள். இரண்டுக்கும் நடுவில், தெருவே இல்லாத ஊரில், கல்லடுக்கிகள். அவர்களுடைய வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கும். கதவு, ஜன்னல் கிடையாது. வருகிறவரைச் சுவரின் ஒரு இடைவெளி வழியாக உள்ளே விட்டு, சுண்ணாம்பு இல்லாமல் கல்லை அடுக்கி அடைத்துவிடுவார்கள். விருந்தாளிக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது.

இந்த வழக்கங்களையெல்லாம் எழுதியவர் அலுவலகத்தில் மூத்தவர். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டால் உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பிப்பார். எல்லோருக்கும் அவர் 'புராணம்'.

கல்லடுக்கிகளின் வீடு ஒன்றை உள்ளும் புறமும் நுணுக்கமாகப் போடச் சொல்லியிருந்தார்கள். அவகாசம் போதவில்லை. நெருக்கடியில் அவள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: தெரிந்த ஒரு வீட்டின் அமைப்பை எடுத்து இடவலம் மாற்றினாள். அது அவளுடைய வீடு. வாசலை அழித்தாள். ஜன்னல்களை அழித்தாள். மத்தியானம் அனுப்பியதுமே ஒப்புதல் வந்துவிட்டது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. கீழே இருந்த பைக் பட்டறையின் சுத்தியல் சத்தம், காலையிலிருந்து காதைக் குடைந்த சத்தம், பஞ்சு மூட்டைக்குள் போனதுபோல மங்கி, பிறகு எங்கோ தூரத்தில் யாரோ விரலால் மேசையைத் தட்டுவதுபோலத் தேய்ந்து, கடைசியில் மின்விசிறியின் முனகல் மட்டும் மிஞ்சியது. அறையில் ஒரு வாசனை வந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாசனை. அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் கொடித்துணிகள் தெரியவில்லை. சாம்பல் நிறமாக ஏதோ நிறைந்திருந்தது. மழை மூட்டம் என்று கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

கல்.

காய்ந்த கல். வெதுவெதுப்பாக இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் எப்போதும்போல விலகியது, கதவும் திறந்தது. நிலைக்கு அப்பால், மேலிருந்து கீழ்வரை, ஒன்றின் மேல் ஒன்றாக நேர்த்தியாக அடுக்கிய கற்கள். தோளால் முட்டினாள். அசையவில்லை. மறுபடி கதவைச் சாத்தினாள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்போல இருந்தது.

கைபேசி வேலை செய்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கணவன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். புராணத்தை அழைத்தாள்.

"என்னம்மா, படம் சூப்பர்னு சொல்லிட்டாங்களே! ட்ரீட் எப்போ?"

"சார், ஒரு சந்தேகம். அந்தக் கல்லடுக்கிங்க வீட்டுலேர்ந்து ஒருத்தர் வெளிய வரணும்னா எப்படி வருவாங்க?"

"வரமாட்டாங்க." சிரித்தார். "நம்ம ஆபீஸ் மாதிரிதான்."

"விளையாடாதீங்க சார். ஏதாவது வழி வெச்சிருப்பீங்கல்ல?"

"ஒரே வழிதான். இன்னொருத்தர் உள்ள போகணும். வீட்டுல ஒரு மூச்சுகூடக் குறையக் கூடாது, அதான் அவங்க சட்டம். ஒருத்தர் வந்தா ஒருத்தர் போகலாம்."

அவள் வாசல் கதவைப் பார்த்தாள்.

"எழுதறப்ப எனக்கே கொஞ்சம் சில்லுன்னுதான் இருந்துச்சு," என்றார். "ஆனா நீ போட்ட படத்தைப் பாத்தப்புறம்தான் நம்பவே முடிஞ்சது. எங்கயோ போய் சாப்பிட்டுட்டு வந்த வீடு மாதிரி இருந்துச்சும்மா."

சுண்டெலியின் பிறந்தநாளுக்கு வந்து, இந்த மேசையில்தான் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"சார், இதெல்லாம் நீங்களா யோசிச்சதுதான?"

"பின்ன? வேற எங்கேர்ந்து வரும்?" குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, உன் குரல் ஏன் குகைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு?"

அவள் வைத்துவிட்டாள். கணினியில் அந்தப் படத்தைத் திறந்தாள். அழித்தவளே வரையலாம். வாசல் இருந்த சுவரில் கோடு விழவில்லை. அந்தப் பக்கம் பூட்டப்பட்டிருந்தது. படுக்கையறைச் சுவர் விட்டுக்கொடுத்தது. அங்கே ஒரு கதவு வரைந்தாள். பின்னால், அந்த அறையிலிருந்து, அம்மிக்கல்லை இழுத்ததுபோல ஒரு சத்தம்.

எழுந்து போனாள். அலமாரிக்குப் பக்கத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. உள்ளே இருட்டு. அணைந்த அடுப்பின் வாசனை முகத்தில் அடித்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அந்த ஊரில் தெரு கிடையாது. எந்தச் சுவரை உடைத்தாலும் இன்னொரு வீடுதான்.

இருட்டு கண்ணுக்குப் பழகியது. ஆட்கள். வரிசையாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தோளில் சாம்பல். எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஒன்றாக இழுத்தார்கள். கடைசி ஆள் முகத்தைத் திருப்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான். உட்கார இடம் காட்டுவதுபோல, தரையை இரண்டு முறை தட்டினான்.

ஓடினாள். வரைந்த கதவை அழித்தாள். கல் இழுபடும் சத்தம். நின்றது.

கைபேசி அடித்தது. கணவன்.

"கூப்பிட்டியா? வண்டில இருந்தேன். இதோ, படி ஏறிட்டிருக்கோம்."

"ஏறாதீங்க! கீழயே இருங்க. அவளக் கூட்டிட்டு எங்கயாவது போங்க, கடைக்குப் போங்க—"

"என்ன? சரியா கேக்கல. ஏய், மெதுவா ஓடுடி, வழுக்கும்!"

"உள்ள வராதீங்க!"

"வந்தாச்சும்மா, வந்தாச்சு. ஏன் கத்தற?"

பூட்டில் சாவி நுழைந்தது. கற்களுக்குள் நுழைகிற சத்தம் இல்லை. சாதாரணச் சத்தம். தினமும் கேட்கிற சத்தம். தாழ்ப்பாள் போட நேரமில்லை; அவள் பாய்ந்து கதவில் முதுகைக் கொடுத்தாள். காலைத் தரையில் ஊன்றினாள்.

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. தாழ்வாரத்துக் காற்று. குளோரின் வாசனை. பட்டறைச் சுத்தியல்.

"அம்மா, கண்ணாமூச்சியா?"

"வராதே கண்ணு! அப்பாகிட்ட போ!"

"என்ன விளையாட்டு இது?" கணவன் வெளியிலிருந்து தள்ளினான். "பை கனக்குது. குழந்தை ஈரத்தோட நிக்கறா."

அவள் முழு பலத்தையும் கொடுத்தாள். கதவு மூடிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

கதவின் விளிம்பில் ஒரு சின்னக் கை. ஊறிச் சுருங்கிய நான்கு விரல்கள்.

தள்ளினால் நசுங்கிவிடும்.

ஒரே ஒரு நொடி தளர்ந்தாள்.

சிரிப்பு. ஈரத் தலை ஒன்று அவள் இடுப்பை உரசிக்கொண்டு, கைக்கு அடியில், உள்ளே.

அவள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. பல்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கணவன், நீட்டிய கையில் சாவியோடு. இடப்பக்கம் அடுத்த வீட்டுக் கதவு. வலப்பக்கம் இன்னொரு வீட்டுக் கதவு. நடுவில் சுவர். அதே பெயிண்ட். ஒரு விரிசல் இல்லை.

"கதவு..." என்றான். "இங்க கதவு..."

அவள் சுவரை அறைந்தாள். நகத்தால் பிறாண்டினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் காதை வைத்தான்.

"சுண்டெலி! சுண்டெலி, அப்பா பேசறது கேக்குதா?"

"கேக்குது." வெகு பக்கத்தில், சுவருக்குள்ளேயே இருப்பதுபோலக் குரல் வந்தது. "நீங்க ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"பயப்படாத கண்ணு. தனியாதான இருக்க? அப்பா இதோ—"

"தனியா இல்லப்பா. அம்மா இருக்காங்க. தலை துவட்டி விடறாங்க." துண்டு உரசும் சத்தம். "அம்மா, உங்க கை ஏன் இப்படிச் சொரசொரன்னு இருக்கு?"

"ஈரத்தோட நிக்கக் கூடாது கண்ணு," என்றது உள்ளிருந்து அவளுடைய குரல். "வா, உக்காரு."

கணவன் சுவரிலிருந்து காதை எடுத்தான். மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு, பிடித்திருந்த அவள் கையை விட்டான்.