சூடம் அணைத்த கை

மூன்றாவது நாளாக அந்தக் காபி தொடப்படாமலே ஆறியது.

"மாமா... காபிங்க..." என்றாள் புஷ்பவல்லி.

மாமனார் சுப்பையன் டம்ளரை ஒற்றை விரலால் தள்ளிவைத்தார். "உங்கையில பச்சைத்தண்ணி வேண்டாம்னு புதன்கிழமையே சொல்லிப்போட்டேன். காது கேக்கலியா?"

கேட்டது. பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் அவள் காதுக்கு மட்டும்தான் வேலை, வாய்க்கு ஏது?

கோபியிலிருந்து அமெரிக்காவில் பிஸ்கட்டவேயிலுள்ள மகன் வீட்டுக்கு அவர் வந்து ஐந்து மாதம். வந்த நாளிலிருந்து அவருக்குப் பிடித்த மாதிரி கொள்ளு ரசமும், சந்தகையும், விடிவதற்குள் காபியும் கொடுத்த கை இது. அந்தக் கைதான் இப்போது தீட்டாகிவிட்டது!

புதன்கிழமை, கோயில் கமிட்டி வசந்தாமணி ஆன்ட்டி போன் செய்திருந்தாள். "அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க மருமக வேன் வாராவாரம் ஒரு சர்ச் பார்க்கிங் லாட்லயே நிக்குது..." அன்று சாயங்காலமே அவர் கண்ணாலும் பார்த்துவிட்டார். படுக்கையறைக் கண்ணாடி முன்னால் மருமகள் நிற்கிறாள். கால்வரை கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைக் காலர், தலையில் வெள்ளைத் தொப்பி, நெற்றியில் பொட்டில்லை! தொப்பி இறுக்குகிறதென்று கழற்றிய பொட்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

"பாப்பா ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குத் தச்சதுங்க மாமா. அவளும் நானும் ஒரே உயரம், அளவு பாத்தேன்" என்றாள்.

"அது கெடக்கட்டும். சர்ச்சுக்குப் போறியா, இல்லியா?"

புஷ்பவல்லி தொப்பியைக் கழற்றி மடிக்கத் தொடங்கினாள்.

இன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்கு மகளையும் மருமகனையும் வரச் சொல்லியிருந்தார். எல்லார் முன்னாலும் விசாரிக்கப்போகிறாராம்.

மேஜையின் மறுகோடியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் யாமினி, அட்டையில் ஒரு சின்ன மரவீடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அது என்ன கண்ணு?" பேத்தியிடம் மட்டும் அவர் குரல் இளகும்.

"மீட்டிங் ஹவுஸ், தாத்தா. ப்யூரிட்டன்ஸ் கட்டினது."

"பூரியா?"

"நோ தாத்தா!" அவள் சிரித்துவிட்டாள். "ப்யூரிட்டன்ஸ். முந்நூறு இயர்ஸ் முன்னாடி இங்கிலாண்ட்ல இருந்து ஷிப்ல வந்தாங்க. தே வேர் ஸோ ஸ்ட்ரிக்ட். டான்ஸ் கூடாது, கிறிஸ்மஸ் கூடக் கூடாது. யாராவது தப்பு பண்ணா இங்க எழுந்து நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொல்லலேன்னா தள்ளி வெச்சிருவாங்க. நோபடி வில் ஈட் வித் யூ."

"நல்ல சனங்க!" சுப்பையன் தொடையில் தட்டினார். "கடல் தாண்டி வந்தும் ஒழுக்கத்தை உட்டுப்போடலை பாரு. அப்படித்தான் இருக்கோணும்."

"பட் தாத்தா, தப்பே பண்ணாதவங்களையும் விட்ச்னு சொல்லித் தூக்குல போட்டாங்க. அப்புறம் ஒரு ஜட்ஜ் ரொம்ப ஃபீல் பண்ணாரு. சாரின்னு எழுதிக் குடுத்தாரு. சர்ச்ல அதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் எல்லார் முன்னாடியும் எழுந்தே நின்னாராம்."

"ஜட்ஜா? ஜட்ஜு எதுக்கு நிக்கோணும்?" என்றார் சுப்பையன், நிஜமாகவே புரியாமல்.

பதினோரு மணிக்கு மகள் எழிலரசி வந்தாள். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடியும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. அவள் கணவன் சேனாபதி நெற்றி நிறைய விபூதியுடன் நடு சோபாவில் உட்கார்ந்தான். அவனும் கோயில் கமிட்டிதான். புஷ்பவல்லியின் கணவன் நெடுஞ்செழியன் அவள் முகத்தைப் பார்க்காமல் இடுப்பிலிருந்த பேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமி அலமாரிக்கு முன்னால் ஒரு தட்டில் சூடத்தை ஏற்றினார் சுப்பையன்.

"இந்தா. சர்ச் பக்கமே போனதில்லீன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. நான் கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். பண்ணலீன்னா... பாப்பாவைக் கூட்டிட்டு நான் ஊருக்குப் போறேன். அவ அங்க வளரட்டும். டிக்கெட் போட நீயும் ஒத்துக்கிட்டியேடா" என்று மகனைப் பார்த்தார்.

புஷ்பவல்லி கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க... நீங்களுமா?"

நெடுஞ்செழியன் முணுமுணுத்தான். "அப்பா கேக்கறதுக்கு ஒரு பதில் சொல்லிரேன் புஷ்பா. ஏன் இஷ்யூ பண்றே?"

"அக்கா, மதம் மாறினதை மறைச்சா என்ன அர்த்தம்?" என்றான் சேனாபதி, மிக மெதுவாக. "கமிட்டில நான் தலை நிமிர முடியல. மாமா எவ்வளவு மானஸ்தர்! இந்த வீட்டுப் பொம்பளைங்க எப்படி இருக்கணும்னு ஒரு மரியாதை இருக்கில்ல?"

சொல்லிக்கொண்டே அவன் எழிலைப் பார்த்தான். எழில் தரையைப் பார்த்தாள்.

ஒரே ஒரு வாக்கியம்... சொன்னால் போதும். ஆனால் ஏப்ரல் மாதம், காருக்குள் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு எழில் அழுதது நினைவு வந்தது. 'அண்ணி, அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவாரு. அண்ணனுக்குக்கூடச் சொல்லாதீங்க!' அந்த வார்த்தைக்காக டேகேர் வேலையில் புதன்கிழமைகளை விட்டாள்; அப்புறம் வேலையையே விட்டாள். எட்டு மாதம் வாயைக் கட்டியாயிற்று. ஆனால் யாமினி?... பெற்ற பிள்ளையையும் கொடுத்துவிடுவதா?

பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டால் என்ன? பாவம் தன்னோடு போகட்டும்! புஷ்பவல்லி கையை நீட்டினாள். உள்ளங்கையில் சூடு ஏறியது...

"வேண்டாம் அண்ணி!"

எழிலரசி பாய்ந்து வந்து அண்ணியின் கையைத் தட்டிவிட்டு, தன் உள்ளங்கையைச் சூடத்தின்மேல் வைத்து அழுத்தினாள். சுடர் அணைந்தது. ஸ்வெட்டர் கை முழங்கைவரை ஏறியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே மஞ்சளும் கறுப்புமாக ஐந்து விரல் தடம்.

"சத்தியமாச் சொல்றேன். சர்ச்சுக்குப் போனது நான்! அங்க பேஸ்மென்ட்ல, அடி வாங்கற பொம்பளைங்க உக்காந்து பேசறோம். எனக்கு டிரைவிங் தெரியாது, இவர் கத்துக்க விடலை. அண்ணிதான் கூட்டிட்டுப் போவாங்க. வெளியே வேன்லயே காத்திருப்பாங்க. அவங்க அந்த வாசப்படிகூட ஏறுனதில்லை!"

சேனாபதி எழுந்தான். "மென்டல் மாதிரிப் பேசாதே. வா வீட்டுக்கு."

"வரலை."

"மாமா, பாருங்க உங்க பொண்ணை..."

சுப்பையனின் வாய் திறந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு..."

எழில் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்வது! "மார்ச் மாசம் போன்ல சொன்னனேப்பா. மறந்துட்டீங்களா? 'மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல டென்ஷனா இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்க அம்மணி, வெளிய சொல்லிப்போடாதே'ன்னீங்க. வெளியதான் சொல்லக்கூடாதுன்னு நான் அண்ணிகிட்ட மட்டும் சொன்னேன்."

அட்டை வீட்டைக் கையில் பிடித்தபடி யாமினி எல்லாரையும் மாறிமாறிப் பார்த்தாள். சேனாபதி ஷூவைக்கூடச் சரியாக மாட்டாமல் போனான். கதவு அறைந்த அதிர்வில் தட்டிலிருந்த சாம்பல் சிதறியது.

புஷ்பவல்லி நாத்தனாரின் கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, மருந்து தடவினாள். அப்போதுதான் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"என்னால உங்களுக்கு எவ்வளவு பேச்சு அண்ணி!"

"பேச்சு என்ன பேச்சு... பழகினதுதானே."

நெடுஞ்செழியன் அருகே வந்தான். "புஷ்பா, சாரிம்மா... நான் உங்கிட்ட தனியாவாவது கேட்டிருக்கணும்."

"கேக்கலையே..." என்றாள். அவ்வளவுதான். வேன் சாவியை எடுத்தாள். "பேஸ்மென்ட் கூட்டம் நடத்தற அம்மா, எப்ப வேணாலும் கூப்பிடுன்னு நம்பர் குடுத்திருக்காங்க. எழிலை அங்க கூட்டிட்டுப் போறேன். பாப்பா, நீயும் வா."

"அம்மணி..." என்றார் சுப்பையன். "ஒரு வாய் காபி குடுத்துட்டுப் போயேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை அம்மணி என்று அழைத்தது அன்றுதான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஃபில்டர்ல டிகாக்ஷன் இருக்குங்க மாமா. நீங்களே கலந்துக்குங்க."

அவர்கள் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுப்பையன் எழுந்து நின்றார். மருமகள் உள்ளே வரும்போது அவர் எழுந்ததே கிடையாது. எழில் மாடிக்குப் போனாள், அவர் உட்காரவில்லை. யாமினி கோட்டைக் கழற்றி மாட்டினாள், அப்போதும் உட்காரவில்லை. மேஜைமேல் ஒரு டம்ளர் காபி, ஆறாமலிருக்கக் கிண்ணம் கவிழ்த்து மூடியிருந்தது.

"நான் போட்டேன்... சரியா வந்துச்சோ என்னமோ," என்றார். "நீ குடிக்கிற வரைக்கும் நிக்கறேன் அம்மணி."

புஷ்பவல்லி டம்ளரை எடுத்தாள். பால் போதவில்லை, சர்க்கரை போடவே இல்லை. நாக்கின் அடிவரைக்கும் கசந்தது.

உட்காருங்க என்று அவள் சொல்லவில்லை. அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.