அப்பாவின் கட்டைவிரல்

போன் அலறியது!

பகல் தூக்கத்திலிருந்து விழித்தாள் பெண் இன்ஸ்பெக்டர். அவள் வலது கையைப் பிடித்தபடி கட்டிலோரம் கணவன்.

"விடிய விடிய டூட்டி பாத்த கை... அதான் அமுக்கி விட்டேன்."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. போனை எடுத்தாள். ஏட்டு!

"மேடம், ஒரு ஃபிளாட்ல பிணம்! நாத்தம் தாங்கலன்னு எதிர்வீட்ல கம்ப்ளெயின்ட்."

*

படுக்கையறையில் ஏ.சி. உறுமியது. சென்ட் வாடையையும் மீறி நாற்றம் வீசியது.

கட்டிலில் பெரியவர். தலை முதல் கால் வரை போர்வை... வலது கை மட்டும் வெளியே!

கட்டைவிரல் பளபளத்தது. க்ரீம்!

மூலையில் மகன் விசும்பினான். "இப்பதான் மேடம்... தூக்கத்துலயே போயிட்டார்..."

"இந்த நாத்தம் இப்பதான் வந்துச்சா?"

தலையணையைப் புரட்டினாள். ரத்தம்... பல் பதிந்த தடம்!

ஏட்டு பெரியவரின் போனை நீட்டினார். "மேடம், இவரு இன்னிக்குக் காலைல சூதாடியிருக்கார்!"

இன்ஸ்பெக்டருக்குப் பொறி தட்டியது. அரசாங்கத்தின் புதுச் சட்டம்! சூதாட்ட ஆப்பில் ஒருவர் தினமும் இவ்வளவுதான் ஆடலாம். கட்டைவிரல் வைத்தால்தான் ஆப் திறக்கும்.

"உன் லிமிட் முடிஞ்சுது... அப்பன் விரலக் கேட்டே. இல்லையா?"

மகன் விசும்பலை நிறுத்தினான்.

"தர மாட்டேன்னார் மேடம். என் காசு, என் ஆட்டம்! கவர்மென்ட் ஏன் மூக்க நுழைக்குது? லிமிட் போடலேன்னா நான் ஏன் அவர் விரலத் தேடப் போறேன்?"

"லிமிட் போடலேன்னா அவர உயிரோடவே வித்திருப்பே. பிணத்து விரலுக்கு க்ரீம் தடவியிருக்கியே... நீயெல்லாம் மனுஷனாடா? த்தூ!"

"காஞ்சு போனா ஆப் திறக்காது மேடம்."

கூசாமல் சொன்னான். ஏட்டு அவனுக்கு விலங்கு மாட்டினார்.

"சீட்டத் தொட்டுக்கூடப் பாக்காத எங்கள மாதிரி ஆளுங்களும் இருக்கோம்டா!" என்று பொரிந்தாள்.

டிங்!

அவள் போன். மெசேஜைப் படித்தாள்.

'இன்றைய உங்கள் சூதாட்ட வரம்பு முடிந்தது. நாளை மீண்டும் வருக!'

முகம் வெளிறியது. தன் வலது கையைப் பார்த்தாள். அமுக்கி விட்ட கை!

எட்டிப் பார்த்த மகன் இளித்தான். "உங்க வீட்லயும் ஆள் இருக்கா மேடம்?"

ஏட்டு தொண்டையைச் செருமினார். "மேடம்... ஜீப்ப எங்க விடட்டும்?"

"முதல்ல ஸ்டேஷன். அப்புறம் என் வீடு. இன்னொரு விலங்கு எடுத்து வெச்சுக்குங்க..."

கட்டைவிரலைப் பேன்ட்டில் அழுந்தத் துடைத்தாள்.

"இன்னிக்கு அவர் கைய நான் பிடிச்சு விடறேன்!"