பௌர்ணமியில் சீக்கிரம் விழிக்கும் கணினி

"லியெனை இன்னைக்கோட வேலையை விட்டு நிறுத்திடப் போறேன். அவ கம்ப்யூட்டர்ல என்ன செஞ்சு வச்சிருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க, தம்பி" என்றாள் கடை முதலாளி தியெப், கணினி பழுது பார்க்க வந்த கியெமிடம். குரலில் கோபம்கூட இல்லை. கணவர் குவாங் இறந்த பிறகு அந்தக் குரலில் எதுவுமே மிச்சமில்லை.

வியட்நாமின் ஹுவே நகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை அது. தினமும் காலையில் கணினி எழுந்திருக்க அடம்பிடித்தது. வந்தவர்கள் பொறுமையிழந்து பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அமாவாசை, பௌர்ணமி அன்று மட்டும் சட்டென்று எழுந்தது. அந்த நாட்களில்தான் உதவியாளர் லியென் புத்த விகாரைக்குப் போக லீவு எடுப்பாள்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டா! வைரஸ்தான், அத்தான்!" என்றான் தை. கியெமுக்கு மைத்துனன், சரியான முந்திரிக்கொட்டை. வாசலோரம் நின்ற லியென் தலை நிமிரவில்லை.

"உனக்கு எல்லாமே வைரஸ்தான். சும்மா இருடா" என்றார் கியெம்.

வைஃபை பெட்டியை அணைத்துவிட்டுக் கணினியைப் போட்டார். உடனே எழுந்தது. வைஃபையை ஆன் செய்துவிட்டுக் கணினியை மறுபடி போட்டார். சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டது.

"வைஃபை இருந்தா இது எதையோ தேடுது. இல்லைன்னா தேடறதேயில்லை" என்றவரின் பார்வை சுவரிலிருந்த படையல் மாடத்துக்குப் போனது. குவாங்கின் படம், அவருடைய கடைச்சாவி, வாழைப்பழம், பக்கத்தில் மூடி வைத்த லேப்டாப்.

"அமாவாசை, பௌர்ணமிக்கு என்னென்ன படைப்பீங்க, அக்கா?"

"பழம், சோறு, ஊதுபத்தி. அவர் லேப்டாப்பையும் காலையிலேயே ஆன் பண்ணி வைப்பேன். எழுந்ததும் அதைத்தான் தொடுவார். அவருக்குப் பிடிச்சதை வைக்கணும் இல்ல?"

கியெம் மெதுவாகத் தலையாட்டினார். "கடைக் கம்ப்யூட்டர் எழுந்ததும் வைஃபை வழியா அந்த லேப்டாப்பைத் தேடும்படி அவரே செஞ்சு வச்சிருக்கார். டிசைன் எல்லாம் அதுலதானே இருக்கு. மத்த நாள்ல லேப்டாப் மூடிக் கிடக்கு. இது தேடித் தேடி, அலுத்துப்போய்த்தான் எழுந்திருக்குது. லியென் பாவம், பனைமரத்தடியில பால் குடிச்ச கதை."

தை நகத்தைக் கடித்தான். தியெப் லியெனைப் பார்த்தாள். "தப்பா நினைச்சுட்டேன்" என்றாள், அதே குரலில்.

"அந்தத் தேடலை எடுத்துடட்டுமா, அக்கா? சின்ன வேலைதான்."

தியெப் குவாங்கின் படத்தைப் பார்த்தாள். "வேண்டாம், தம்பி. அவர் இல்லைன்னு தெரியாம அதுவாவது தேடட்டும்."

வாசலிலிருந்து லியென் உள்ளே வந்தாள்.

"அப்போ நான் சீக்கிரமா வந்து போட்டு விடறேன், அக்கா. ஆளுங்க வர்றதுக்குள்ள தேடி முடிச்சிடும்."

தியெப் மாடத்திலிருந்த குவாங்கின் கடைச்சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.