ஒரே பாட்டின் பதினோரு தட்டுகள்

பெட்டியில் இருந்த பதினோரு இசைத்தட்டுகளும் ஒரே பாட்டு.

ஜெபகுமார் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தான். கடையை மூடியவர்கள் விற்கும் சரக்கில் ஒரே தட்டு பத்து இருக்கும். இது கடை இல்லை. சித்தூர் கட்டமஞ்சியில் ஒரு அப்பாவும் மகனும் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்த வீடு. பதினொன்றிலும் முதல் பக்கம் ஊசி ஓடி ஓடிச் சாம்பல் நிறமாகியிருந்தது. பின்பக்கம் ஒருமுறைகூட ஊசி படாமல் கறுத்து மின்னியது.

மழை வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது, மின்விசிறி கரகரத்துச் சுற்றியது, பக்கத்து அறையிலிருந்து டெட்டாலும் மூத்திரமும் வாடிய வெற்றிலையும் கலந்த ஒரு நெடி கதவுச் சீலையைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்து அவன் சட்டையில் ஏறி உட்கார்ந்தது. சீலைக்குப் பின்னால் கட்டிலில் வீட்டுக்காரர் வீராசாமியின் அப்பா பாலையா கிடந்தார். பக்கவாதம் வந்து ஆறு வருஷம். பேச்சு இல்லை, இடது கை மட்டும் ஆடும். மெல்ல முடியாவிட்டாலும் வெற்றிலைப்பெட்டியும் பாக்குவெட்டியும் அந்தக் கைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

"இன்னா தம்பி அப்டி பாக்கற? எல்லாம் ஒரிஜினல். அறுவத்தொம்போது. அதுலியே போட்டுக்கீது பாரு" என்றார் வீராசாமி. அவருக்கு ஐம்பத்தைந்து வயது. வீட்டை விற்கப்போகிறார்.

"அது பாட்டு வந்த வருஷம்ணே. தட்டு வந்த வருஷம் இல்ல."

"தட்டுக்குப் பொறந்த தேதி யாரு சொல்லுவா, ஜோசியரா?"

"லேபிள் சொல்லும்."

ஜெபகுமார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். முப்பத்தொரு வயது. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை, வீடு திருப்பதியில். பழைய தட்டுகளை வாங்கி, வயது கண்டுபிடித்து விற்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. மனைவி பிரித்திகா இறந்து எட்டு மாதம் ஆகிறது. சமையலறை டப்பாக்களில் அவள் பிளாஸ்டர் ஒட்டி எழுதியவை இன்னும் அப்படியே இருந்தன. கடலைப்பருப்பு. அவள் எழுதும் ல-வின் வால் எப்போதும் வரிக்குக் கீழே இறங்கிச் சுருளும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனால் அந்த வீட்டில் இருக்க முடிவதில்லை.

கொக்கு மார்க் கம்பெனி, பாட்டின் வருஷத்தை மாற்றாமல் லேபிளை மட்டும் மாற்றி மாற்றி மறுபடி வெளியிட்டது. நீல லேபிளில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றால் எழுபத்துமூன்று வரை. மஞ்சளும் ஓரத்தில் பொடி எழுத்தும் எண்பது வரை. ஆரஞ்சில் சிறகு விரித்திருந்தால் எண்பத்தொன்றுக்கு மேல். சிவப்பில் கொக்கு வெறும் கோடாகிவிடும். அது எண்பத்தேழிலிருந்து கம்பெனி மூடியவரை. வருஷத்தைச் சொல்லிக்கொண்டே அவன் வரிசைப்படுத்தினான். இரண்டு நீலம், மூன்று மஞ்சள், நான்கு ஆரஞ்சு, இரண்டு சிவப்பு.

"அட்றா சக்க! எண்பத்தேழுலயும் வாங்கிக்கினு இருந்தாரா?" வீராசாமி சீலைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "நைனா, உன் லவ்வு மேட்டரெல்லாம் வெளிய வருது பாரு!"

கட்டில் கிறீச்சிட்டது.

"எனக்கு ரெண்டு வயசுல அம்மா பூட்சு தம்பி. மஞ்சக்காமாலை. வேலூருக்கு இட்டுக்கினு போனாரு, தனியா வந்தாரு. அங்கியே எரிச்சிட்டேன்னாரு. அன்னிலேர்ந்து டெய்லி ஆறு மணிக்கு மாடி ரூமுக்குப் போயி, தாப்பா போட்டுக்கினு, இதே பாட்டு. ஃபுல் சவுண்டு. பொண்டாட்டி மேல இன்னா ஆசைன்னு தெருவே கும்புடும்." அவர் சிரித்தார். "பாட்டு நின்னா மேலேர்ந்து மூணு தட்டு கேக்கும். எலின்னுவாரு. நானும் தொடப்பக்கட்டயால கீழேர்ந்து மூணு தட்டுவேன், வெளாட்டுக்கு. அதுக்கு பெல்ட்டால வாங்கினேன் பாரு." சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்கு மேல் வெளுத்த தழும்பு. "வாதம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பொட்டியயும் பிளேயரயும் கீழ எறக்கினாரு. ஆறு வருசமா ரூமு பூட்டியே கீது. சாவி அவரு அரணாக்கயித்துல. தொட்டா கடிக்க வராரு."

ஜெபகுமார் மஞ்சள் லேபிள் தட்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். பாட்டுக் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் வளையம் இருக்கும். கம்பெனி அதில் ஒரு எண்ணைக் கீறியிருக்கும். எண் இருந்தது. பக்கத்தில் ஊக்கு முனையால் கீறிய எழுத்துகளும் இருந்தன.

வீரா அம்மா மேல இருக்கேன்.

தட்டைக் கவிழ்த்து வைத்தான். இன்னொரு மஞ்சளை எடுத்தான்.

பாட்டு நின்னதும் தட்டுறேன் கேளு வீரா.

ஆரஞ்சுத் தட்டைச் சாய்க்காமல் இருந்திருக்கலாம். சாய்த்தான்.

நாக்க வெட்டிட்டான்.

மற்ற ஆரஞ்சுகளிலும் முதல் சிவப்பிலும் வெறும் வீ, வீ, வீ. கடைசிச் சிவப்பில் எதுவும் இல்லை.

"இன்னா எழுதிக்குது? தமிழா அது?" வீராசாமி குனிந்தார்.

"கீறல்ணே."

"கீறலுக்குப் புள்ளி வப்பாங்களா? நான் தெலுங்கு மீடியம் தம்பி, தமிழ் பேசத்தான் வரும். நைனா மழைக்குக்கூட ஸ்கூல் பக்கம் ஒதுங்கல. அம்மாதான் பாலசமுத்திரத்துல தமிழ் படிச்சுதாம். அம்மா எழுதினதா? படி."

"தெளிவா இல்ல."

"போட்டோ புடிச்சி எங்க வூட்டம்மாக்கு அனுப்பறேன். வேலூர்க்காரி, படிச்சிடுவா." செல்போனை எடுத்தார்.

சீலைக்குப் பின்னால் வெற்றிலைப்பெட்டி தரையில் விழுந்து உருண்டது. கிழவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. படித்தால் இந்த வீட்டில் ஒரு கொலை விழும். படிக்காவிட்டால்?

எட்டு மாதத்துக்கு முன்பும் அவன் இப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு தட்டின் இரண்டு மறுபதிப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். பாட்டுக்கு நடுவில் ஒரு சத்தம். தட்டில் பழுது என்று நினைத்து, சரியாகக் கேட்க ஒலியைக் கூட்டினான். மாடிக் குளியலறையில் மண்டை பிளந்து கிடந்த பிரித்திகா நாற்பது நிமிஷம் கத்தியிருக்கிறாள். எதிர்வீட்டு யமுனாவுக்குக் கேட்டிருக்கிறது. கடைக்குப் போயிருந்ததாகப் போலீசில் சொன்னான்.

அவன் படித்தான். முதல் மஞ்சளை.

வீராசாமி செல்போனை மெல்லக் கீழே வைத்தார்.

"இது எந்த வருசம்?"

"எழுபத்துநாலுக்கு மேல."

"எனக்கு நாலு வயசு. அடுத்தது."

படித்தான். வீராசாமி தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது."

"வேணாம்ணே."

"படிடா."

படித்தான்.

"எந்த வருசம்?"

"எண்பத்தொண்ணு. அதுக்கப்பறம்."

"பதினொண்ணு எனக்கு." குரலில் ஒன்றுமே இல்லை.

அவர் எழுந்தார். கடைசிச் சிவப்புத் தட்டை எடுத்து மூலையிலிருந்த பிளேயரில் வைத்தார். ஊசியை இறக்கினார். ஒலியை முழுக்கத் திருகினார். சுவரில் மணி ஆறு.

சீலை விலகியது. கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள்.

பாட்டு வீட்டை நிறைத்தது. வயலின்கள், ஒரு பெண்குரல், தேய்ந்த தட்டின் இரைச்சல், தரையின் அதிர்வு. அதற்கு அடியில் கட்டில் சுவரில் மோதியது. பேச்சில்லாத வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு ஊளையிட்டால் அப்படி இருக்கும். பாட்டு அதை மறைக்கவில்லை. எந்தப் பாட்டும் மறைக்காது. ஜெபகுமார் வாசலைப் பார்த்தான். பத்தடி. உட்கார்ந்தே இருந்தான். பாக்குவெட்டி கடக்கென்றது. மறுபடி. ஈரத்தில் இரும்பு. கதவுக்கு அடியில் ஏதோ கறுப்பாக ஊர்ந்து வந்தது.

ஊளை நின்றது. கடக், கடக் நிற்கவில்லை.

கதவு திறந்தது. வீராசாமியின் கைகள் முழங்கைவரை சிவப்பு. ஒரு விரலில் சாவி தொங்கியது. தரையில் இருந்த வரிசையின் கடைசியில், பத்தாவது தட்டுக்குப் பக்கத்தில், சிறிய ஈரமான ஒன்றை வைத்தார். நாக்கு.

"பாட்டு நிக்கட்டும்" என்றார்.

நின்றது. ஊசி மட்டும் இரைந்தது.

டொக். டொக். டொக்.

மேலேயிருந்து. ஆறு வருஷமாகப் பூட்டிய அறை. தூசி உதிர்ந்தது.

வீராசாமியின் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகக் கோணியது. துடைப்பக்கட்டையை எடுத்தார். அண்ணாந்து மூன்று முறை கூரையில் இடித்தார். "அம்மா, கேட்டுச்சும்மா. கேட்டுச்சு."

ஜெபகுமார் பிளேயரை நிறுத்தினான். தட்டு தயங்கி நின்றது. சிவப்பு லேபிள். கொக்கு வெறும் கோடு. எழுத்தே இல்லாதிருந்த தட்டு.

வெறும் வளையத்தில் புதுக் கீறல். சுரண்டிய கறுப்பு இழை இன்னும் அறுந்து விழாமல் சுருண்டு நின்றது. அவன் மூச்சுக்கு ஆடியது.

ஜெபா நான் மேல இருக்கேன்.

ல-வின் வால் வரிக்குக் கீழே இறங்கிச் சுருண்டிருந்தது.

டொக். டொக். டொக்.

வீராசாமி துடைப்பக்கட்டையை அவன் கையில் கொடுத்தார். கட்டை ஈரமாக இருந்தது.